நாவுக்கு அரிய சொற்கள்

(தூத்துக்குடியில் நடந்த தமிழன்பர் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

‘அயலார் நாவுக்கு அரிய சொற்கள்’ என்னுந் தலைப்பில் என்னைப் பேசப் பணித்திருக்கின்றீர்கள். தலைப்பைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்தது. அத்தகைய சொல் ஒன்றின் உள்ளேதானே நாம் எல்லாரும் அமர்ந்திருக்கின்றோம்? தூத்துக்குடி என்பது ஆறெழுத்துச் சொல். நம் வீட்டுச் சிறுகுழந்தை இரண்டரை அகவையில் அதைத் தடையின்றிச் சொல்லிவிடும். ஆனால் கடல் கடந்து வந்த வல்லரசுகள் மூன்றும் நானூறு ஆண்டுகளில் அதைச் சொல்லக் கற்கவில்லை.

எப்படிப் பிழைத்தார்கள் என்பதை முதலில் பார்ப்போம். பிழைக்கும் ஒரு முறை உண்டு. அம்முறையை அறிந்தால் சினம் குறையும், அறிவு கூடும்.

போர்த்துக்கீசியர் பதினாறாம் நூற்றாண்டில் இக்கரையில் கால்வைத்தனர். நம் சொல்லில் தகரம் இரட்டித்து நிற்கிறது. ககரமும் இரட்டித்து நிற்கிறது. இரட்டிப்பை அவர்கள் செவி பொருட்படுத்தவில்லை. ஆகவே ‘தூத்து’ என்பது ‘துது’ என்றாயிற்று. ‘க்கு’ என்பது ‘கொ’ என்றாயிற்று. அடுத்து நிற்பது டகரம். உயிர்களுக்கு இடையே தனித்து வரும் டகரத்தை நாம் எப்படி ஒலிக்கின்றோம்? நாவின் நுனியை மேலே வளைத்து அண்ணத்தில் ஒரு தட்டுத் தட்டி விடுகின்றோம். அந்தத் தட்டு அவர்கள் செவிக்கு ரகரமாகப் பட்டது. எனவே ‘டி’ என்பது ‘ரி’ ஆயிற்று. அதன்மேல், சொல்லின் இறுதியில் நிற்கும் இகரத்தை மூக்கால் ஒலிப்பது அவர்கள் மொழிவழக்கு. அந்த மூக்கொலியை எழுத்தில் காட்ட ஒரு மகரத்தைச் சேர்த்தனர். ‘துதுகொரிம்’ பிறந்தது இவ்வாறுதான்.

1658-இல் ஒல்லாந்தர் இவ்வூரைப் போர்த்துக்கீசியரிடமிருந்து கைப்பற்றினர். 1825-இல் ஊர் ஆங்கிலர் கைக்கு முழுமையாய்ப் போயிற்று. ஆங்கிலர் அந்த மகரத்தை னகரமாக்கி, முன்னே நின்ற தகரங்களையும் தம் வாய்க்கு ஏற்ப வன்மையாக்கி, ‘டூட்டிகொரின்’ என்றனர். ஆண்டவன் மாறினான், பிழை மாறவில்லை. முன்னவன் எழுதி வைத்ததைப் பின்னவன் படியெடுத்தானேயன்றி, கரையில் நின்ற தமிழனை ஒருமுறை வாய்திறந்து சொல்லச் சொல்லி அவன் கேட்கவில்லை.

இதே வாலை வேறிரண்டு ஊர்ப்பெயர்களிலும் காணலாம். குமரிமுனையைக் ‘கொமொரின்’ என்றார்கள். கொச்சியைக் ‘கொச்சின்’ என்றார்கள். குமரியில் னகரம் ஏது? கொச்சியில் னகரம் ஏது? தூத்துக்குடியில்தான் னகரம் ஏது? மூன்றும் இகரத்தில் முடியும் சொற்கள். மூன்றுக்கும் போர்த்துக்கீசிய மூக்கொலி ஒட்டிக்கொண்டது. மூன்றையும் ஆங்கிலம் அவ்வாறே வாங்கிக்கொண்டது. ஒரு மொழியினரின் மூக்கு, நம் நிலப்படத்தில் நானூறு ஆண்டு நிலைத்துவிட்டது என்க! டகரம் ரகரமான கதையும் தூத்துக்குடியோடு நிற்கவில்லை. மணப்பாட்டை அவர்கள் மடல்களில் ‘மணப்பார்’ என்றே எழுதினர். புன்னைக்காயல் ‘புனிக்காலே’ ஆயிற்று.

போர்த்துக்கீசியர்க்கு முன்னரும் இது நடந்ததுதான். நம் பொருநையாற்றின் முகத்தில் பாண்டியரின் முத்துத்துறையாய் விளங்கிய கொற்கையைக் கிரேக்கர் ‘கொல்கொய்’ என்று எழுதினர். மன்னார்க் கடலுக்கே கொல்கொய்க் குடா என்று பெயரிட்டனர். றகர மெய்க்குப் பின் ககரம் நிற்பதை அவர்கள் நா தாங்கவில்லை. லகரத்தைப் போட்டுக் கடந்தது. முசிறி ‘முசிரிசு’ ஆயிற்று. கொல்கொய் என்பது கொற்கையே என்று இடையன்குடியில் வாழ்ந்த கால்டுவெல் ஐயர் எடுத்துக்காட்டினார். கடல் பின்வாங்கி, கொற்கை இன்று வயலும் பனையும் சூழ்ந்த உள்நாட்டுச் சிற்றூராய் இருக்கிறது. அங்குப் போய் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும், பெயரொன்றே அங்கு மிஞ்சிய துறைமுகம் என்பது.

இனி, எல்லாவற்றுக்கும் மேலான ழகரத்துக்கு வருவோம். இவ்வோர் எழுத்து அயலார் நாவில் பட்ட பாட்டைப் பாருங்கள். சோழமண்டலம் ‘கோரமண்டல்’ ஆயிற்று. அங்கு ழகரம் ரகரம். கோழிக்கோடு ‘காலிகட்’ ஆயிற்று, அங்கு லகரம். எழும்பூர் ‘எக்மோர்’ ஆயிற்று. அங்குக் ககரமாய்த் திரிந்தது எம்மாயமோ அறியேன். யாழ்ப்பாணம் ‘சாப்னா’ ஆயிற்று. அங்கு ழகரத்தை விழுங்கியே விட்டனர். மொழியின் பெயரே தப்பவில்லை. 1554-இல் இலிசுபன் நகரில் அச்சான நூலில் நம் மொழியின் பெயர் ‘தமுல்’. பின்னர்த் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு ஐயர் 1716-இல் வெளியிட்ட இலக்கணத்தில் அது ‘தாமுலிக்கா’. இடையே பலர் நம் மொழியை ‘மலபார்’ என்று சொல்லி, சொல்ல முடியாத சொல்லைச் சொல்லாமலே தப்பித்துக்கொண்டனர்.

இவற்றைச் சொல்லி அயலாரை எள்ளி நகையாடிவிட்டு அமர்ந்துவிடலாம். கைதட்டும் கிடைக்கும். ஆனால் அது நேர்மையான பேச்சாகாது. பலுக்க முடியாமற் போவது ஒருவனது குற்றமன்று. தாய்ப்பால் குடிக்கும் பருவத்தில் செவி எதைக் கேட்டதோ அதற்கேற்ப நா பழகிவிடுகிறது. பின்னர் வேற்றொலி வந்தால் தனக்குத் தெரிந்த ஒலியாகத்தான் அதைக் கேட்கும். குற்றம் எங்கே பிறக்கிறதெனில், முடியவில்லை என்பதை உணர்ந்த பின்னும் கற்க முயலாமையில் பிறக்கிறது. அந்த வகையில் இதே கரையில் வாழ்ந்த அயலார் இருவரை நன்றியோடு நினைக்க வேண்டும்.

ஒருவர் பிரான்சிசு சவேரியார். 1542-இல் இங்கு வந்தார். அவருடைய தாய்மொழி போர்த்துக்கீசியமும் அன்று; பாசுக்கு மொழி. தாம் பேசுவது மக்களுக்கு விளங்கவில்லை, மக்கள் பேசுவது தமக்கு விளங்கவில்லை என்பதை அவர் மறைக்கவில்லை. இருமொழியும் அறிந்தவர்களைக் கூட்டி, மன்றாட்டுகளைத் தமிழாக்கச் செய்து, அவற்றை மனப்பாடம் பண்ணி, கையில் மணியோடு தெருத்தெருவாய்ப் போய்ச் சொன்னார். 1544-இல் தம் துணைவர் மன்சிலாசுக்கு எழுதிய மடலொன்றில் ஒரு திருத்தம் சொல்கிறார். நம்பிக்கை அறிக்கையில் ‘எனக்கு வேணும்’ என்று வருமிடத்தில் ‘விசுவாசம்’ என்னுஞ் சொல்லை வைக்குமாறு கூறுகிறார். ‘வேணும்’ என்றால் விரும்புகிறேன் என்று பொருள், நம்புகிறேன் என்று பொருளன்று என விளக்கமும் தருகிறார். ஈராண்டு கூட ஆகாத ஒரு வேற்று நாட்டார் ஒரு சொல்லுக்காக இவ்வளவு கவலைப்பட்டிருக்கிறார்!

இங்கே எனக்கு ஒரு மனக்குறை உண்டு. ‘வேண்டும்’ தமிழ், ‘விசுவாசம்’ வடசொல். ‘நம்புகிறேன்’ என்னும் நல்ல தமிழ்ச்சொல் எட்டும் தொலைவில் கிடந்தது. அதை எடுத்துக் கொடுக்க அன்று அவர் அருகிலிருந்த தமிழர்க்குத் தோன்றவில்லை. பழி சவேரியார் மேலதன்று.

மற்றொருவர் என்றிக்கு என்றிக்கசு. நம் மக்கள் நாவில் அண்டிரிக்கு அடிகளார். 1547-இல் முத்துக்குளித்துறைக்கு வந்தவர், 1600-இல் புன்னைக்காயலில் மறையும் வரை இக்கரையை விட்டு நீங்கவில்லை எனலாம். தூத்துக்குடியில்தான் அவரை அடக்கம் செய்தனர். 1549-ஐ ஒட்டிய காலத்திலேயே தமிழுக்கு ஓர் இலக்கணம் எழுதினார். ஐரோப்பியர் ஒருவர் தமிழுக்கு எழுதிய இலக்கணங்களுள் நமக்குக் கிடைப்பனவற்றில் அதுவே முதல். நாவுக்கு அரிய ஒலிகளைத் தம் நாட்டார்க்கு விளக்கியாக வேண்டிய பாடு அவருடையது. கையெழுத்துப்படி இன்றும் இலிசுபன் நூலகத்தில் இருக்கிறது.

ஒன்றை ஊன்றிக் கவனியுங்கள். 1554-இல் இலிசுபனில் அச்சான முதல் தமிழ் நூல் உரோம எழுத்தில் அச்சாயிற்று. உரோம எழுத்தில் தமிழை அடைத்தால் என்ன ஆகும்? மூன்று லகரங்களும் ஒன்றாகும். மூன்று னகரங்களும் ஒன்றாகும். ரகர றகரம் ஒன்றாகும். படிக்கிறவன் நாவும் அவ்வாறே மழுங்கும். 24 ஆண்டு கழித்து, 1578-ஆம் ஆண்டு அக்டோபர் 20-இல், கொல்லத்தில் அண்டிரிக்கு அடிகளாரின் ‘தம்பிரான் வணக்கம்’ தமிழெழுத்திலேயே அச்சேறியது. பதினாறே பக்க நூல். அச்சுப் பணிக்கு இக்கரைப் பரதவப் பெருமக்கள் பொருளுதவி செய்தனர். ஒலியைக் காப்பதற்கு எழுத்து வேண்டும் என்பதை அந்த அயலார் உணர்ந்தார். கடலோடிகளான நம் மக்கள் அதற்குக் காசு கொடுத்தனர். இன்று கைப்பேசியில் தமிழை ஆங்கில எழுத்தில் தட்டி அனுப்பும் படித்த பிள்ளைகள் 1554-க்கே திரும்பிப் போகிறார்கள்.

சரி, அயலார் சொல் நம் நாவுக்கு அரிதானபோது நாம் என்ன செய்தோம்? இதையும் பார்த்தால்தான் வழக்கு முழுமையாகும்.

தொல்காப்பியர் இதற்கு வழிவகுத்துப் போயிருக்கிறார். வடசொல் தமிழுக்குள் வருமாயின் வடவெழுத்தை உதறிவிட்டுத் தமிழெழுத்துக்குள் அடங்கி வரவேண்டும் என்பது அவர் நெறி. சொல்லுக்கு முதலில் ரகரமும் லகரமும் டகரமும் வாராவென்பதும் அவர் வகுத்ததே. அதனாற்றான் இராமன் என்கிறோம், உரோமர் என்கிறோம். இந்த நூற்பாக்களைப் படித்தறியாத கடற்கரை மக்கள் அதே நெறியை வாயாலே பின்பற்றினர் என்பதில்தான் வியப்பிருக்கிறது. ‘சேவியர்’ என்பதைச் சவேரியார் ஆக்கினர். ‘பெர்னாண்டசு’ என்பதைப் பர்னாந்து ஆக்கினர். வல்லநாட்டிலிருந்து இவ்வூருக்குக் குடிதண்ணீர் கொண்டுவந்த நகரமன்றத் தலைவரைக் குரூசு பர்னாந்து என்று எத்துணை இயல்பாய்ச் சொல்கிறோம்! அப்பெயரில் அயன்மை தங்கியிருக்கிறதா? பனிமய அன்னை கோயில் தெருவில் நின்று கேளுங்கள். அது நம்மூர்ப் பெயர்.

இதனினும் சிறந்த முறை ஒன்றையும் அவர்கள் கையாண்டனர். ஒலியை விட்டுப் பொருளைப் பிடித்தனர். ‘பவுலுசு’ என்றால் இலத்தீனில் சிறியவன், எனவே சின்னப்பர். ‘சுதேபானோசு’ என்றால் கிரேக்கத்தில் முடி, எனவே முடியப்பர். ‘யோவான்’ என்பதற்கு இறைவன் அருளினான் என்று எபிரேயத்தில் பொருள், எனவே அருளப்பர். என்ன அழகு! சின்னப்பன், முடியப்பன், அருளப்பன் என்னும் பெயரோடு கடலுக்குப் போனவர்களைப் பார்த்து இவர்கள் அயல்நெறியினர் என்று யார் சொல்லியிருக்க முடியும்? கழகம் அமைத்து, குழு கூட்டி, கலைச்சொல் ஆக்குகின்றோம் என்று நாம் இன்று படும் பாட்டை அவர்கள் படவில்லை.

அதே காலத்தில் சாவி, மேசை, அலமாரி, சன்னல் முதலிய போர்த்துக்கீசியச் சொற்களும் நுழைந்தன. திறவுகோல் இருக்கச் சாவி எதற்கு, பலகணி இருக்கச் சன்னல் எதற்கு என்பது என் கேள்வி. அதில் எனக்கு மாற்றமில்லை. ஆயினும் அச்சொற்களும் தமிழ்நாவுக்குப் பணிந்தே நுழைந்தன. இன்று நுழைபவை பணிவதில்லை. அவற்றுக்காக நாம்தான் நாவை வளைக்கின்றோம்.

இவ்விடத்தில் வேறுபாடொன்றைத் தெளிவாகச் சொல்லியாக வேண்டும். நாவுக்கு அரிதாய் இருந்தமையால் திரிந்த பெயர் வேறு. நாவுக்கு எளிதாய் இருந்தும் வேண்டுமென்றே மாற்றப்பட்ட பெயர் வேறு. ‘டூட்டிகொரின்’ முதல் வகை. முதுகுன்றம் என்னும் பெயரை விருத்தாசலம் என்று மாற்றினார்களே, அதைச் சொல்ல எவன் நா இடறிற்று? மறைக்காடு வேதாரணியம் ஆனது எந்த நாவின் இயலாமையால்? பொருநைக்கு ஏன் தாம்பரபரணி? இவை செவிப்பிழையும் அல்ல, நாப்பிழையும் அல்ல. தமிழ்ப்பெயர் தாழ்ந்தது, வடமொழிப் பெயரே உயர்ந்தது என்னும் எண்ணத்தின் விளைவு. போர்த்துக்கீசியன் செய்த பிழையில் தூத்துக்குடி உருக்குலைந்தேனும் உள்ளே கிடக்கிறது. தட்டித் துடைத்தால் தெரிகிறது. விருத்தாசலத்துக்குள் தேடினால் முதுகுன்றம் கிடைக்குமா? பொருளை மட்டும் எடுத்துக்கொண்டு சொல்லைக் கொன்று விட்டார்கள். மாயவரம் என்று கிடந்த ஊர் 1982-இல் மயிலாடுதுறை என்று மீண்டது போல் மற்றவையும் மீளவேண்டும். நம் மாவட்டமும் 1986-இல் சிதம்பரனார் பெயரில் தோன்றி, 1997-இல் ஊர்ப்பெயரால் தூத்துக்குடி மாவட்டமாயிற்று.

ஊர்ப்பெயர்களின் ஆங்கில வடிவைத் திருத்தத் தமிழ்நாட்டரசு 2020-இல் முயன்றதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். 1018 ஊர்களின் பெயரைத் தமிழ் ஒலிப்புக்கு ஏற்ப ஆங்கிலத்தில் எழுத வேண்டும் என்னும் ஆணை சூன் 10-இல் வெளிவந்தது. நம்மவர் பலர் மகிழ்ந்தோம். எட்டே நாளில், சூன் 18-இல், அது திரும்பப் பெறப்பட்டது. நோக்கம் நல்லது, செய்த முறையில் பிழை. வேலூரின் ஏகாரத்தைக் காட்ட ஆங்கில ‘ஈ’ எழுத்தை இரட்டித்தார்கள். ஆங்கிலம் கற்றவன் அதை ‘வீலூர்’ என்றன்றோ படிப்பான்? தூத்துக்குடிக்கு இரட்டித்த தகரத்தைக் காட்டப் போய் எழுத்துகளை அடுக்கினார்கள், பார்த்தவர்கள் சிரித்தார்கள். 26 எழுத்து உள்ள நெடுங்கணக்கில் நம் ஒலிகளைத் திணிக்க முயன்றால் இதுதான் நேரும். சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் அகரமுதலியில் புள்ளியும் கோடும் இட்டு ஒவ்வொரு தமிழெழுத்துக்கும் ஓர் உரோம வடிவு வகுத்தார்கள். அறிஞர்க்கு அது உதவும். பேருந்துப் பலகைக்கு உதவாது. என் கருத்து இது: ஆங்கிலத்தில் எளிய வடிவொன்றை, அயலான் படித்தால் ஏறத்தாழ நம் ஒலி வரும்படி, அறிஞர் ஊரூராய் ஆராய்ந்து முடிவு செய்யட்டும். பலகையில் தமிழ் மேலே, பெரிதாய், பிழையின்றி நிற்கட்டும். ஆங்கில வடிவில் காட்டும் அக்கறையில் பாதியைத் தமிழ்ப் பலகையின் ஒற்றுப்பிழையில் காட்டினால் போதும். ‘தூத்துகுடி’ என்று ஒற்றில்லாமல் எழுதிய பலகைகளை இவ்வூரிலேயே நான் பார்த்திருக்கிறேன். போர்த்துக்கீசியன் விழுங்கிய அதே ககரம்!

ஆங்கிலர் எல்லாரும் நம் சொற்களை அலட்சியம் செய்தார்கள் என்றும் கூற முடியாது. தொழில் கருதி வந்தவன் சொல்லை மதித்தான். முத்துச்சிப்பி விளையும் கடற்பாறைத் திட்டைக் குளிகாரர் ‘பார்’ என்பர். சென்னை அரசின் முத்து, சங்குத் துறைக்குப் பொறுப்பாயிருந்த சேம்சு ஆர்னெல் போன்றோர் எழுதிய ஆங்கில அறிக்கைகளில் பார் பாராகவே இருக்கிறது. தொள்ளாயிரம் பார் முதலிய பெயர்களும் அப்படியே இருக்கின்றன. அதற்கு ஈடான சொல் அவர்கள் மொழியில் இல்லை. சங்கு ‘சாங்க்’ ஆயிற்று; கட்டுமரம் ‘கட்டமரான்’ ஆகி உலகம் சுற்றுகிறது. முத்துக்குளிப்பில் அவர்களுக்கு ஊதியம் இருந்தது. ஆகையால் சொல்லைக் கற்றார்கள். 1961-க்குப் பிறகு இங்கு அரசு நடத்திய முத்துக்குளிப்பு இல்லை. பாரின் பெயர்களை அறிந்த முதியவர்கள் குறைந்து வருகிறார்கள். அவற்றை எழுதிவைக்கும் கடமை அயலான் தலையில் இனி விழாது.

இப்போது நம் வீட்டுக்குள் வருவோம்.

நம் துறைமுகத்துக்கு 2011-இல் சிதம்பரனார் பெயர் சூட்டப்பட்டது. 1906-இல் சுதேசி நாவாய்ச் சங்கம் கண்டு ஆங்கிலக் கப்பலோடு போட்டியிட்டுக் கப்பல் விட்டவர்க்கு, அவர் விட்ட துறையிலேயே பெயர் நிலைத்தது, மகிழ்ச்சி. ஆனால் நாம் அதை எப்படிச் சொல்கிறோம்? வண்டியோட்டியைக் கேளுங்கள், கடைக்காரரைக் கேளுங்கள், கல்லூரி மாணவனைக் கேளுங்கள்: ‘வி.ஓ.சி.’ என்பார்கள். அவர் வ.உ.சி. அல்லரோ? வகரமும் உகரமும் சிகரமும் எந்தத் தமிழன் நாவுக்கு அரியவை? அயலானுக்கு வராத ஒலியை அவன் மாற்றினான். நமக்கு வரும் ஒலியை நாமே மாற்றுகின்றோம்.

ழகரத்துக்கும் இதே நிலைதான். மேடையேறினால், ழகரம் தமிழுக்கே உரியது, உலகில் வேறெங்கும் இல்லாதது என்று முழங்குகின்றோம். தோழர்களே, அது முழுவதும் உண்மையன்று. உண்மையல்லாததைச் சொல்லித் தமிழை உயர்த்த வேண்டிய தேவையும் இல்லை. மலையாளத்தில் ழகரம் உண்டு. நம்மைவிட நன்றாகவே அவர்கள் ஒலிக்கிறார்கள். பழங்கன்னடத்தில் உண்டு. பழந்தெலுங்குக் கல்வெட்டுகளிலும் உண்டு. இன்று அவ்விரு மொழிகளிலும் அவ்வொலி வழக்கிழந்துவிட்டது. நாம் கோழி என்பதைக் கன்னடர் கோளி என்கின்றனர். தெலுங்கர் கோடி என்கின்றனர். நாம் ஏழு என்பது அங்கே ஏளு, இங்கே ஏடு. எவரும் படையெடுத்து வந்து அந்த எழுத்தைப் பறிக்கவில்லை. மக்கள் நா சோம்பிற்று. செவி அதைப் பொறுத்துக்கொண்டது. சில நூற்றாண்டில் எழுத்தே தேவையற்றுப் போயிற்று.

நம் நிலை என்ன? இந்தத் தென்பாண்டிச் சீமையில் ‘வாளைப்பளம்’ என்கிறோம். ‘கோளிக் கொளம்பு’ என்கிறோம். வடக்கே சென்னைப் பக்கத்தில் ‘வாயப்பயம்’ என்பர். ஈழத்திலும் பேச்சில் ளகரமே பெரிதும் கேட்கிறது. கன்னடம் போன வழியில் நம் வாய் முன்னமே போய்க்கொண்டிருக்கிறது; எழுத்து மட்டும் பின்னே நின்று இழுத்துப் பிடிக்கிறது. பட்டிக்காட்டான் பேச்சு என்று இதை நான் பழிக்கவில்லை. என் தாயும் அப்படித்தான் பேசினார். நான் நோவது வேறொன்றை. ஆங்கில வகரத்துக்குக் கீழுதட்டை மேற்பல்லால் கடிக்கக் கற்றுத்தரக் கண்ணாடி முன் நிறுத்தும் பள்ளி, ழகரத்துக்கு ஒரு நாழிகை ஒதுக்குவதில்லை. அயல்மொழியில் பிழைத்தால் நாணுகிறோம். தாய்மொழியில் பிழைத்தால் ‘வராது, விடு’ என்கிறோம்.

வராதா? தொல்காப்பியர் சொன்னதை என் சொல்லில் சொல்கிறேன். இங்கேயே செய்து பாருங்கள். நாவின் நுனியை மேல்நோக்கி வளையுங்கள். அண்ணத்தை ஒட்ட வேண்டா. தடவுமாப்போல் வருட வேண்டும். ரகரத்துக்கும் ழகரத்துக்கும் இதுவே பிறப்பிடம் என்கிறார். ளகரமோ நாவின் விளிம்பு தடித்து எழுந்து அண்ணத்தை வருடப் பிறப்பது. இதை எத்துணை நுண்ணிதாய்ப் பார்த்திருக்கிறார் பாருங்கள்! பேசும் வாய்க்குள் புகுந்து பார்க்கும் கருவி எதுவும் இல்லாத காலம் அது. ‘வாழை’ என்று ஒருமுறை. ‘வாளை’ என்று ஒருமுறை. வாளை மீனாயிற்றே! மீன் விற்கும் ஊரில் வாழையையும் வாளையையும் ஒன்றாக்கினால் வணிகம் கெடாதோ? (சிரிப்பு)

இறுதியாக, அண்மையில் கண்ட ஒன்றைச் சொல்லி முடிக்கின்றேன். என் நண்பர் ஒருவர், கடல்தொழில் செய்பவர். தம் மகளுக்கு ழகரம் நடுவில் நிற்கும் அழகிய தமிழ்ப்பெயர் வைத்தார். ஆங்கில வழிப் பள்ளியொன்றில் சேர்த்தார். வகுப்பாசிரியை வடநாட்டிலிருந்து வந்தவர். அவர்க்கு ழகரம் வரவில்லை. வருகைப் பதிவில் ஒவ்வொரு நாளும் லகரத்தால் அழைத்தார். சில திங்களில் குழந்தையே தன் பெயரை லகரத்தால் சொல்லத் தொடங்கிற்று. பாட்டி திருத்தினால், ‘பள்ளிக்கூடத்தில் அப்படித்தான் சொல்லணும்’ என்றதாம். நண்பர் என்னிடம் வந்து, பெயரை மாற்றிவிடலாமா என்று கேட்டார். எனக்கு நெஞ்சு சுட்டது.

இருவரும் பள்ளிக்குப் போனோம். நான் சண்டைக்கே ஆயத்தமாய்ப் போனேன் என்பதை ஒளிக்கவில்லை. அந்த அம்மையார் எங்கள் முறையீட்டைக் கேட்டுவிட்டு, தமக்கு அப்பெயரைச் சரியாய்ச் சொல்ல இதுவரை ஒருவரும் கற்றுத்தரவில்லை என்றார். உண்மைதானே? உடன் பணியாற்றும் தமிழாசிரியர் உட்பட எல்லாரும் அவரது லகரத்தைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். நாங்கள் குழந்தையை அழைத்துவரச் சொன்னோம். ஏழு அகவைப் பெண், தன் ஆசிரியை முன் நின்று வாயைத் திறந்து, நாவை மேலே மடித்துக் காட்டிற்று. அவர் முயன்றார்; வரவில்லை. மறுபடியும் முயன்றார், ரகரம் வந்தது. குழந்தை தலையை ஆட்டிற்று. மூன்றாம் முறையும் ஏறத்தாழ ரகரம்தான். நான் போதும் என்று எழுந்தேன், குழந்தை விடவில்லை.

பின்னர் நண்பர் சொன்னார்: ஒரு கிழமை கழித்து, வருகைப் பதிவின்போது அந்தப் பெயர் சரியாய் ஒலித்ததாம். வகுப்புப் பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்களாம். அவர்களில் பாதிப் பேர்க்கு அவ்வொலி வராது. இப்போது அவள் இடைவேளையில் அவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கிறாளாம்.